மியூசிக் அகாடமிக்குக் காலை எட்டு மணிக்குப் போங்கள்

சென்னை மியூசிக் அகாடமி எப்படி என்று யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்தான் வரும். டிசம்பர் சீசன், சாயங்காலக் கச்சேரி, பெரிய வித்வான், டிக்கெட் கிடைப்பது கஷ்டம், கேன்டீனில் கூட்டம். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த இடத்துக்குச் சாயங்காலம் மட்டும் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் அதில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். பல வருடங்களாக அங்கே போய் வருகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், அகாடமியின் உயிர் காலை எட்டு மணிக்குச் சின்ன ஹாலில் இருக்கிறது. அது ஏன் என்று புரிய அது எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், டிக்கெட் விவரம், எங்கே உட்காருவது என்பதெல்லாம் பின்னால் வருகிறது.

1927 டிசம்பரில் மெட்ராஸில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதை ஒட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றையும் கூட்டினார்கள். அரசியலுக்காகத் திரண்ட கூட்டத்துக்கு நடுவில் இசையைப் பற்றி உட்கார்ந்து பேசினார்கள், இசைக்கென்று ஓர் அகாடமி வேண்டும் என்று தீர்மானமும் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தின் குழந்தைதான் இது. 1928 ஆகஸ்ட் 18 அன்று எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சர் சி.பி. ராமசாமி ஐயர் தொடங்கி வைத்தார். முதல் தலைவர் டாக்டர் யு. ராமா ராவ். கச்சேரி நடத்த அப்போது ஊரில் சபாக்கள் இல்லாமல் இல்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900-லேயே வந்துவிட்டது, கோகலே ஹாலிலும் மற்ற இடங்களிலும் கச்சேரிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆக இன்னொரு சபா வேண்டும் என்று யாரும் இதை ஆரம்பிக்கவில்லை. சமஸ்தானங்களின் ஆதரவு சுருங்கிவிட்டது, வித்வான்கள் ஒவ்வொருவராக மெட்ராஸுக்குக் குடிவந்துகொண்டிருந்தார்கள், ஒரே ராகத்தைத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விதமாகவும் மைசூர்ப் பக்கம் ஒரு விதமாகவும் பாடினார்கள், பல பழைய கிருதிகள் நாலைந்து குடும்பங்களின் ஞாபகத்தில் மட்டுமே உயிரோடு இருந்தன. இதையெல்லாம் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசி, பாடிக் காட்டி, எழுதி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

அதனால்தான் 1929-லிருந்து வருஷா வருஷம் மாநாடு வைத்தார்கள். வித்வான்கள் கூடுகிறார்களே, அப்படியே பாடவும் சொல்லலாமே என்று கச்சேரிகள் கூடவே வந்தன. இந்த வரிசையைக் கவனியுங்கள். மாநாட்டுக்காகத்தான் கச்சேரி. இன்றைக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் விமானம் ஏறி வருகிற டிசம்பர் சீசனுக்கு வேர் அந்த மாநாடுதான். அந்த ஆரம்ப வருடங்களில் ராக லட்சணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இந்த ராகத்தில் இந்த ஸ்வரம் எப்படி வரும், எந்தப் பிரயோகம் ஏற்கத்தக்கது, எது பழைய சம்பிரதாயம், எது நேற்று வந்தது என்று மணிக்கணக்காக வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதங்கள் அகாடமியின் இதழில் அச்சில் இருக்கின்றன. வெங்கடமகியின் சதுர்தண்டி பிரகாசிகை என்கிற பழைய இசை இலக்கண நூலை 1934-ல் பதிப்பித்தார்கள். சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட, முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளை ஸ்வரத்தோடு தரும் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைத் தமிழில் பகுதி பகுதியாகக் கொண்டுவந்ததும் இவர்கள்தான், அதற்கே 1961-லிருந்து 1983 வரை ஆனது. முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளைப் பற்றி இன்றைக்குத் தமிழில் படித்து யாராவது பேசுகிறார்கள் என்றால் இந்தப் பதிப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 1931-ல் இசை ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்லூரியும் ஆரம்பித்தார்கள், டைகர் வரதாச்சாரியார் அதன் முதல்வர். சபா என்றால் மேடையும் நாற்காலியும் என்று நினைத்திருப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்தால் போதும்.

நாட்டியத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) ஆடுவதே கேவலம், கோயிலில் ஆடுகிற வழக்கத்தையே ஒழிக்க வேண்டும் என்று பிரச்சாரம் உச்சத்தில் இருந்த காலம். 1931 மார்ச் 15 அன்று அகாடமி, கல்யாணி டாட்டர்ஸ் என்று அறியப்பட்ட ராஜலட்சுமியையும் ஜீவரத்தினத்தையும் மேடையேற்றியது. அதற்குப் பெரிதாகக் கூட்டம் வரவில்லை. 1933 ஜனவரி 1 அன்று அதே சகோதரிகளை மறுபடி அழைத்தபோது நிலைமை மாறியிருந்தது, அதே வருடம் பாலசரஸ்வதியும் இங்கே ஆடினார். செயலாளராக இருந்த ஈ. கிருஷ்ண ஐயர் இதற்காக வாங்காத வசவு இல்லை, ஆனாலும் விடவில்லை. அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய பெண்களுக்குச் சமூகம் அதன் பிறகு என்ன செய்தது என்பது வேறு கதை, வருத்தமான கதை. ஆனால் அவர்களையே மேடைக்கு அழைத்த ஒரு காலம் இந்த நிறுவனத்துக்கு இருந்தது என்பதை நான் மரியாதையோடு நினைக்கிறேன். 1973-ல் பாலசரஸ்வதிக்கு அகாடமியின் சங்கீத கலாநிதி (சுருக்கமாகக் கலாநிதி) விருதைக் கொடுத்தார்கள். நாட்டியக்காரருக்கு இசையின் மிகப் பெரிய பட்டம். அவர் பதம் என்கிற பாட்டு வகைக்கு அபிநயம் பிடித்துக்கொண்டே தானே பாடியதைக் கேட்டவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இருந்திருக்காது.

சரி, கட்டடத்துக்கு வருவோம். பிறந்து 34 வருடம் வரை அகாடமிக்குச் சொந்த அரங்கம் கிடையாது. மாநாடும் கச்சேரியும் அந்தந்த வருடம் கிடைத்த இடத்தில் நடந்தன. 1955 அக்டோபர் 5 அன்று ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார், 1962 டிசம்பர் 20 அன்று மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் திறந்து வைத்தார். அவரைக் கூப்பிட்டதில் ஒரு பொருத்தம் இருந்தது, அவரே ஸ்ரீவித்யா என்கிற முத்திரைச் சொல்லோடு கிருதிகள் இயற்றிய வாக்கேயக்காரர், அதாவது பாட்டையும் மெட்டையும் தானே செய்தவர். பெரிய அரங்கத்துக்கு முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி (டி.டி.கே.) பெயர். வாசலில் ஓடுகிற ரோடும் அவர் பெயரில்தான், பழைய ஆட்கள் இன்னும் மவுபரீஸ் ரோடு என்பார்கள். கீழ்த்தளமும் பால்கனியும் சேர்த்து ஏறக்குறைய 1,600 பேர் உட்காரலாம். கர்நாடக சங்கீதத்துக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை. நம் இசை கோயில் மண்டபத்திலும் அரண்மனைக் கூடத்திலும் கல்யாண வீட்டிலும் வளர்ந்தது, எதிரே இருப்பவரின் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டே பாடுகிற இசை அது. அதை 1,600 பேருக்கு எப்படிக் கொண்டுபோவது?

இந்தக் கேள்வி கட்டடத்துக்கும் முந்தையது. மைக் வருவதற்கு முன்னால் பாடகர்கள் உச்சமான சுருதியில் வாயைத் திறந்து பாடித்தான் கடைசி வரிசையை எட்ட வேண்டியிருந்தது. வயலின்காரர் பாடு இன்னும் கஷ்டம். மைசூர் டி. சௌடய்யா ஏழு தந்தி வயலினைச் செய்துகொண்டதற்குக் காரணமே நாதம் தூரம் வரை கேட்க வேண்டும் என்பதுதான், அவருக்கு இதே அகாடமி 1957-ல் கலாநிதி கொடுத்தது. 1930-களில் ஒலிபெருக்கி பரவியதும் கதை மாறியது. சுருதி இறங்கியது, மெல்லிய குரல்களுக்கும் இடம் கிடைத்தது, கமகத்தின் நுணுக்கமான அசைவுகள் பின் வரிசைக்கும் போய்ச் சேர்ந்தன. அதே மைக் கெடுத்ததும் உண்டு. ஊரில் எத்தனையோ மண்டபங்களில் மிருதங்கம் இடியாகவும் வீணை கம்பியாகவும் காதில் விழுந்து, கலைஞர்களே ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் "மானிட்டர் கொஞ்சம் ஏத்துங்கோ" என்று கையைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு தடவை ஒரு மண்டபத்தில் (பெயர் வேண்டாம்) தம்புராவின் சுருதியைவிட ஸ்பீக்கரின் ரீங்காரம் ஓங்கிக் கேட்டது, இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன்.

டி.டி.கே. அரங்கத்தில் ஒலி எனக்கு நிறைவு தருகிறது, ஆனால் எங்கே உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்து நிறைய மாறும். முதல் சில வரிசைகளில் உட்கார வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அங்கே கலைஞரின் முகம் தெரியும், வயலின்காரரும் பாடகரும் கண்ணால் பேசிக்கொள்வது தெரியும், அதற்காகப் போகலாம். காதுக்காகப் போகிறவர் நடு வரிசைகளுக்குப் பின்னால் மையமாக உட்காருங்கள். மேடைக்கு மிக அருகில் மிருதங்கத்தின் நேரடி ஒலி ஒரு பக்கமும் ஸ்பீக்கர் ஒலி ஒரு பக்கமுமாக வரும், கொஞ்சம் பின்னால் போனால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும். என் சொந்த விருப்பம் பால்கனியின் முன்பகுதி. குரல், வயலின், மிருதங்கம், கடம் எல்லாம் ஒரே இழையாக மேலே வருகிறது. ராகம் தானம் பல்லவியில் தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வரும்போது கீழே எழுந்து போகிற கூட்டத்தின் சலசலப்பும் அங்கே குறைவு. தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகிற பழக்கம் ஊரில் எல்லா சபாவிலும் இருக்கிறது, எனக்கு அது தாங்கவே முடியாத ஒன்று. அரை மணி நேரம் ஒரு லய வித்வான் கணக்கு போட்டு, குறைப்பில் படிப்படியாகச் சுருக்கி, கோர்வையில் இறக்குகிற நேரத்தில் நாம் போண்டாவுக்கு வரிசையில் நிற்கலாமா? 1966-ல் பாலக்காடு மணி ஐயருக்குக் கலாநிதி கொடுத்தபோது ஒரு மிருதங்க வித்வானுக்கு அது முதல் முறை. லயத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவே அவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது, நாம் உட்கார்ந்தாவது கேட்கலாம்.

இப்போது நான் தலைப்பில் சொன்ன சமாச்சாரம். அதே வளாகத்தில் கஸ்தூரி சீனிவாசன் ஹால் என்று ஒரு சின்ன அரங்கம் இருக்கிறது. சீசனில் காலை எட்டு மணிவாக்கில் இறைவணக்கத்தோடு தொடங்கி விளக்க உரைகள் நடக்கும், எல்லோரும் லெக்டெம் என்பார்கள். கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். 1929-ல் ஆரம்பித்த மாநாட்டின் தொடர்ச்சி இதுதான். ஒருவர் வந்து பைரவி ராகத்துக்கும் மாஞ்சி ராகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எடுத்துக்கொள்வார். இரண்டுக்கும் ஸ்வரம் ஏறக்குறைய ஒன்றுதான், காகிதத்தில் எழுதினால் பிரிக்கவே கஷ்டம். அவர் ஒரு பிடியைப் பைரவியில் பாடுவார், அதையே கொஞ்சம் தளர்த்தி, நிறுத்தும் இடத்தை மாற்றி மாஞ்சியாகப் பாடுவார். உங்கள் காதில் ஏதோ ஒன்று திறந்துகொள்ளும். அன்று சாயங்காலம் மேடையில் பைரவி வந்தால் அது நேற்றுக் கேட்ட பைரவியாக இருக்காது. இன்னொரு நாள் பேகடை ராகத்தின் மத்தியம ஸ்வரம், இன்னொரு நாள் சியாமா சாஸ்திரிகள் சாப்பு தாளத்தை விலோமமாக, மூன்றும் நாலும் என்பதை நாலும் மூன்றுமாகத் திருப்பிக் கையாண்டது, அப்புறம் தேவாரப் பண்கள் இன்று எந்தெந்த ராகமாக நிற்கின்றன என்பது, நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிக்கிற முறை, பழைய இசைத்தட்டுகளில் கேட்கும் பாணிகள். எல்லா உரையும் நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன், எழுதி வைத்ததை அப்படியே வாசித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அந்த நாள் காபியோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு நல்ல உரை கிடைத்தால் அது பத்துக் கச்சேரிக்குச் சமம்.

உரை முடிந்ததும் நடப்பதைத் தவறவிடாதீர்கள். முன் வரிசையில் மூத்த வித்வான்களும் நிபுணர் குழுவும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, "எங்க குருநாதர் இந்த இடத்துல இப்படித்தான் பாடுவார்" என்று உட்கார்ந்த இடத்திலேயே ரெண்டு வரி பாடுவார். மைக் சரியாகக்கூட அவர் வாய்க்குப் போயிருக்காது, எழுபது வயசுக் குரல், அதில் ஒரு காந்தார ஸ்வரம் அசைகிற அசைவு இருக்கிறதே, அதைக் கேட்கத்தான் நான் அவ்வளவு காலையில் கிளம்பிப் போகிறேன். அந்த வருடத்துக் கலாநிதி அந்தக் காலை அமர்வுகளுக்குத் தலைமை வகிப்பார், கடைசியில் தொகுத்துப் பேசுவார். நேற்று ராத்திரி 1,600 பேர் கைதட்டிய மனிதர் இன்று காலை ஒரு மாணவியின் ஆராய்ச்சி உரையைக் குறிப்பெடுத்துக்கொண்டு கேட்பதைப் பார்க்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், சங்கீத கலாநிதி என்கிற பட்டமே இந்தத் தலைமைப் பொறுப்பிலிருந்து வந்ததுதான். முதலில் மாநாட்டுக்குத் தலைமை தாங்க ஒரு வித்வானையோ அறிஞரையோ அழைப்பார்கள், அவ்வளவுதான். 1942-ல்தான் அப்படித் தலைமை தாங்குபவருக்கு இந்தப் பட்டம் என்று முடிவு செய்தார்கள். ஜனவரி 1 அன்று நடக்கும் சதஸ் என்கிற பட்டமளிப்பு சபையில் அதை வழங்குவார்கள். ஆகவே பட்டத்தின் உள்ளே ஒரு வேலை இருக்கிறது: பதினைந்து நாள் காலையில் வந்து உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு, தன் வித்தையைச் சபைக்கு முன்னால் விளக்கிச் சொல்ல வேண்டும். விருது கொடுத்து சால்வை போர்த்தி அனுப்புகிற நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன, விருது வாங்குபவரை உட்காரவைத்து வேலை வாங்குகிற நிறுவனம் இது. இதற்காகவே எனக்கு அகாடமி மேல் தனி மதிப்பு.

மதிப்பு இருப்பதால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க முடியாது. இந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி, 1968-ல். அகாடமி பிறந்து 40 வருடம் கழித்து. டி.கே. பட்டம்மாளுக்கு 1970, எம்.எல். வசந்தகுமாரிக்கு 1977. தமிழில் இத்தனை கீர்த்தனை செய்த பாபநாசம் சிவனுக்கு 1971. இந்த வருடங்களை வரிசையாகப் படித்தால் தாமதம் கண்ணில் படாமல் போகாது. தமிழ் பற்றிய விவகாரமும் பழையது. 1940-களில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று தமிழிசை இயக்கம் எழுந்தபோது அகாடமி அதன் பக்கம் நிற்கவில்லை, இசைக்கு மொழி முக்கியமில்லை என்கிற தரப்பில் நின்றது. கேட்கிறவருக்குச் சாகித்யம் புரிய வேண்டும் என்பது நியாயமான ஆசை, அதை அன்றே திறந்த மனதோடு எடுத்துக்கொண்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த இயக்கத்தின் பலனாக 1943-ல் தமிழ் இசைச் சங்கமும் 1952-ல் ராஜா அண்ணாமலை மன்றமும் நமக்குக் கிடைத்தன. அங்கே இன்றும் பண் ஆராய்ச்சி நடக்கிறது, அகாடமியின் காலை அமர்வு பிடித்தவர்கள் அதற்கும் போக வேண்டும். 2024-ல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்குக் கலாநிதி என்று அறிவித்ததும் சில கலைஞர்கள் அந்த சீசனிலிருந்து விலகிக்கொண்டார்கள், விவாதம் இசை கேட்காதவர்கள் வீடு வரைக்கும் போனது. யார் பக்கம் நின்றவராக இருந்தாலும் சரி, இந்த மேடையில் யார் உட்காருகிறார் என்பது பல பேருக்கு எவ்வளவு முக்கியம் என்று அப்போது தெரிந்தது.

மற்ற மண்டபங்களோடு ஒப்பிட்டுச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனம் முழுமையாகாது. அதே டி.டி.கே. சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் நாரத கான சபா, அதன் சத்குரு ஞானானந்தா ஹாலும் பெரியது, அங்கேயும் ஒரு சின்ன ஹால் உண்டு. நாட்டியம் பார்க்கக் கலாக்ஷேத்ராவின் கூத்தம்பல பாணி (கேரளக் கோயில் நாடக அரங்கின் பாணி) அரங்கத்துக்கு ஈடு கிடையாது, அந்த மரமும் கூரையும் ஜதியையே வேறு மாதிரி ஒலிக்க வைக்கின்றன. வீணைக் கச்சேரி என்றால் நான் அகாடமியின் பெரிய அரங்கத்தைத் தேடிப் போவதில்லை, லஸ் பக்கம் ராக சுதா மாதிரி நூற்றுச் சொச்சம் பேர் உட்காருகிற இடம்தான் சரி, மீட்டுக்கு மீட்டு விரலின் உராய்வுகூடக் கேட்க வேண்டிய வாத்தியம் அது. பெரிய அரங்கத்துக்குப் பொருந்துவது நல்ல கனமான குரல், முழுப் பக்கவாத்தியத்தோடு மூன்று மணி நேரக் கச்சேரி. நாகஸ்வரம் வேறு வகை, அது திறந்த வெளியில் வளர்ந்த வாத்தியம், எந்த மூடிய ஹாலிலும் அதற்கு மைக் தேவையே இல்லை. அப்புறம் அரண்மனைக்காரத் தெருவில் அன்னி பெசன்ட் காலத்தில் கட்டிய கோகலே ஹால், பழைய தலைமுறை அதன் ஒலியைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். அது இடிபாடாகிப் போன பிறகு அந்த ஒலியை யார் திருப்பித் தர முடியும்? ஒரு நல்ல அரங்கத்தைப் பராமரித்து வைத்திருப்பதே ஒரு சங்கீத சேவை என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன், அந்த விதத்தில் அகாடமி தன் அரங்கத்தை இத்தனை காலம் நல்ல நிலையில் வைத்திருப்பதற்கு முழு மதிப்பெண்.

நடைமுறை விஷயங்கள். இசை விழா டிசம்பர் 15-லிருந்து ஜனவரி 1 வரை, அதன் பின் ஜனவரி முதல் வாரத்தில் நாட்டிய விழா. சாயங்காலக் கச்சேரிகளுக்கு சீசன் டிக்கெட்காரர்கள் போக மிச்சம்தான் தினசரி டிக்கெட், பெரிய பெயர் என்றால் கவுன்டரில் விடிகாலையிலேயே வரிசை நிற்கும். எட்டு மணி உரைக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி, வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு நேரே சின்ன ஹாலுக்குப் போய்விடலாம். மதிய நேரத்துக் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. அங்கே பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், இந்த மேடை கிடைக்க வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள், கையில் இருப்பதையெல்லாம் அந்தச் சொற்ப நேரத்துக்குள் கொட்டுவார்கள். இன்று சாயங்காலம் பாடுகிற பலரை நான் முதலில் கேட்டது மதிய வெயில் நேரத்தில் பாதி காலியான அரங்கத்தில்தான். நீங்களும் போய் அந்தக் காலி நாற்காலிகளில் உட்காருங்கள், பாடுகிற பிள்ளைக்கு முன்னால் நாலு முகம் கூடுதலாகத் தெரிந்தால் அதன் குரலே மாறும். கேன்டீன் பற்றி ஊரே எழுதுகிறது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, காலை உரை முடிந்ததும் போனால் கூட்டம் குறைவு, பொங்கல் சூடாகக் கிடைக்கும். காரில் வராதீர்கள். அந்த முனையில் போக்குவரத்து எப்போதும் நெருக்கடி, சீசன் நேரத்தில் கேட்கவே வேண்டாம், ஆட்டோவோ பஸ்ஸோ நிம்மதி.

சீசனில் ஊருக்கு வர முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். வருடத்தின் மற்ற மாதங்களிலும் அகாடமியில் கச்சேரிகள் உண்டு, ஸ்பிரிட் ஆஃப் யூத் என்று இளம் கலைஞர்களுக்கென்றே தனி விழா வைக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, அங்கே டேக் நிறுவனத்தாரின் ஆதரவில் அமைந்த டிஜிட்டல் ஒலிக் காப்பகம் இருக்கிறது. கணினித் திரையில் பெயரைத் தேடி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்கலாம். நகல் எடுக்க முடியாது, அங்கேயே உட்கார்ந்து கேட்க வேண்டும், அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான், வீட்டில் சமைத்துக்கொண்டே ஓடவிடுவதற்கு இல்லாமல் முழுக் கவனத்தோடு கேட்போம். ஆயிரக்கணக்கான மணி நேரப் பதிவுகள் இருப்பதால் எங்கே தொடங்குவது என்று திகைப்பாக இருக்கும். நான் சொல்கிற வழி: ஒரே ஒரு ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தோடி என்று வைத்துக்கொள்வோம், நாலு வேறு வேறு தலைமுறை ஆட்கள் பாடிய தோடியை வரிசையாகக் கேளுங்கள். காந்தாரத்தை ஒவ்வொருவரும் எப்படி அசைக்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரு முழு மத்தியானம் போய்விடும். அடுத்த டிசம்பரில் காலை உரையில் யாராவது தோடியைப் பற்றிப் பேச எழுந்தால் உங்களுக்கே கேட்க ஒரு கேள்வி இருக்கும், கையைத் தூக்கிக் கேளுங்கள், பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள்.